பருப்பும் மசியவில்லை, பையனும் மசியவில்லை

போன வருடம் வீடு மாறினோம். புது வீட்டில் போர் தண்ணீர். முதல் நாள் சாம்பாருக்குப் போட்ட துவரம் பருப்பு, குக்கரில் ஐந்து விசில் வந்த பிறகும் தனித்தனியாக நின்றது. அம்மா மத்தை எடுத்துக் கடைந்து பார்த்தாள். "மசியவே மாட்டேங்குது. பழைய பருப்பைத் தலையில கட்டிட்டான்" என்று மளிகைக்கடைக்காரரைத் திட்டினாள். அன்று சாயங்காலமே பக்கத்துத் தெரு அத்தை வந்து உட்கார்ந்து மகனைப் பற்றிப் புலம்பினாள். "நானும் நயமாச் சொல்லிப் பார்த்தாச்சு, அவங்கப்பாவும் மிரட்டிப் பார்த்தாச்சு. எதுக்கும் மசிய மாட்டேங்கிறான்."

காலையில் பருப்புக்கு வந்த சொல், மாலையில் பையனுக்கு வந்துவிட்டது. யாரும் அதை உவமை என்று நினைத்துச் சொல்லவில்லை. தமிழில் ஓர் ஆள் எவ்வளவு சுலபமாகச் சொன்னபடி கேட்பார் என்பதைச் சொல்ல நாம் எடுக்கும் சொற்களைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஒரு பொருள் இருக்கும், ஒரு தொழில் இருக்கும். மசிதல் சமையலறையிலிருந்து வந்தது. வளைதல் மூங்கில், கம்பி. இளகுதல் மெழுகு, வெல்லம். குழைதல் சோறு, மண். படிதல் வண்டல், தூசி, தலைமுடி. முரண்டு பிடித்தல், சண்டித்தனம் இரண்டும் மாட்டுக் கொட்டகை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடுகிறவர்கள் உண்டு. போடலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது: இது எதற்கு அசைந்தது? அடிக்கா, சூட்டுக்கா, தண்ணீருக்கா, வெறும் நாள்பட்ட பழக்கத்துக்கா?

சொற்களைப் பார்க்கும் முன் பொருட்களைப் பார்த்துவிடலாம். அதற்குத் தட்டார் பட்டறையை விட நல்ல இடம் இல்லை.

பொன்னைப் போலச் சொன்னபடி கேட்கும் உலோகம் வேறில்லை. 1 கிராம் பொன்னை அடித்து அடித்து ஏறக்குறைய 1 சதுர மீட்டர் பரப்புக்கு விரிக்க முடியும். கோயில் வேலைகளுக்கும் ஓவியங்களுக்கும் ஒட்டுகிற தங்க ரேக்கு, நாம் எழுதும் காகிதத்தின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதே 1 கிராமைக் கம்பியாக இழுத்தால் 2 கிலோமீட்டருக்கும் மேல் போகும். பள்ளிப் பாடத்தில் இதைத்தான் தகடாகும் தன்மை, கம்பியாக நீளும் தன்மை என்று இரண்டாகப் பிரித்துப் படித்தோம். ஏன் இரண்டு என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்று அமுக்கும்போது கிழியாமல் விரிவது. மற்றது இழுக்கும்போது அறாமல் நீள்வது. பொன்னுக்கு இரண்டும் இருப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. காரீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டினால் சமர்த்தாகத் தகடாகிவிடும். மெல்லிய கம்பியாக இழுக்கப் போனால் அறுந்துவிடும். தட்டினால் கேட்கும், இழுத்தால் கேட்காது. மனிதர்களிலும் அப்படி உண்டு, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

உலோகம் இப்படி வளைந்து கொடுப்பதற்குக் காரணம், அதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதும், அந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போன பிறகும் பிடிப்பு விட்டுப் போகாததும்தான். கண்ணாடியில் அந்த வழுக்கல் இல்லை. அதனால் அது வளைவதற்குப் பதில் உடைகிறது. வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறிக் கீழே விழுந்தால் விரிசல் விடும். சாதாரண இரும்புக் கரண்டி விழுந்தால் அதிகபட்சம் கோணலாகும். இரண்டும் இரும்புதான். தோசைக்கல்லில் கரி கூடுதலாகக் கலந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கடினமானது எல்லாம் உறுதியானது என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தோசைக்கல்லைக் காட்டலாம்.

தட்டாரிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவர் ஒரு வெள்ளித் தகட்டைத் தட்டிக்கொண்டே இருக்கமாட்டார். கொஞ்ச நேரம் தட்டுவார், விரலால் வளைத்துப் பார்ப்பார், பிறகு நெருப்பில் காட்டுவார். மங்கலாகச் சிவக்கும் வரை காட்டி, ஆறவிட்டு, மறுபடி சுத்தியலை எடுப்பார். ஏனென்றால் அடிக்க அடிக்க உலோகம் இறுகும். முதல் பத்து அடிக்கு விரிந்த தகடு, நூறாவது அடிக்கு விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் அடித்தால் ஓரத்தில் வெடிப்பு விழும். உள்ளே வழுக்கிய அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வரும் விறைப்பு இது. சூடு காட்டினால் அந்தச் சிக்கல் தளர்ந்து உலோகம் பழையபடி இளகுகிறது. ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மாற்றி மாற்றி மடக்கிப் பாருங்கள். நாலாவது மடிப்புக்குள் விறைப்பு கைக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடியும். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்ற பழமொழியை உண்டாக்கியவர் எந்தத் தட்டாரிடமும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு சங்கதி: சொக்கத் தங்கத்தில் நகை செய்தால் நிற்காது. போட்டுக்கொண்டு நாலு நாள் வேலை செய்தால் வளையல் கோணிவிடும், பிடியிலிருந்து கல் கழன்றுவிடும். அதனால்தான் செம்போ வெள்ளியோ கலந்து 22 காரட்டாக்குகிறார்கள். நூற்றுக்கு 91.6 பங்கு பொன், மீதி கலப்பு. அந்த 916 முத்திரைக்கு இதுதான் கணக்கு. அதிகம் வளைகிறது என்பதற்காகவே அதைக் கொஞ்சம் வளையாததாக்க வேண்டியிருக்கிறது.

வளைந்தது திரும்பி வருமா என்பது அடுத்த கேள்வி. ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். மாவை இழுத்து விட்டால் இழுத்த இடத்திலேயே கிடக்கும். முன்னதை மீட்சி என்கிறோம். பின்னதற்குத்தான் குழைவு. 'வளைந்து கொடுத்தார்' என்று ஒருவரைச் சொல்லும்போது பெரும்பாலும் ரப்பர் பேண்டு வகையைத்தான் சொல்கிறோம்: அந்த நேரத்துக்கு வளைந்தார், ஆள் மாறிவிடவில்லை. 'குழைந்து குழைந்து பேசினார்' என்றால் அதில் மாவு வந்துவிட்டது, மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

மண்ணில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமானது. பிசைந்த களிமண் சொன்ன வடிவத்துக்கு வரும், காரணம் அதிலிருக்கும் தண்ணீர். களிமண்ணின் துகள்கள் மிக மெல்லிய தட்டுகள். இடையில் இருக்கிற ஈரத்தில் அவை சறுக்குகின்றன. வெயிலில் காய்ந்த பானையைச் சூளையில் வைக்காமல் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும். குயவர்கள் உடைந்த பச்சைப் பானையை அப்படித்தான் திரும்ப எடுத்துப் பிசைகிறார்கள். சூளையில் 500, 600 டிகிரியைத் தாண்டி வெந்துவிட்டால் கதை முடிந்தது. வருடக்கணக்கில் ஊறவைத்தாலும் பானை பானைதான், ஓடு ஓடுதான். குழந்தைகளைப் 'பச்சை மண்ணு' என்று சொல்கிற பாட்டிமார்கள் இந்த வித்தியாசம் முழுவதையும் இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

மரத்துக்கு வருவோம். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பதை எல்லாரும் சொல்கிறோம். வயதான மரத்தின் நடுவில் இறுகிப்போன பகுதியை வைரம் என்கிறோம். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று வயதானவர்களையும் சொல்வதுண்டு, அது பாராட்டு. பழைய சொல் காழ். தொல்காப்பியம் இதை வைத்தே தாவரங்களைப் பிரிக்கிறது: உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல். அந்தக் கணக்கில் வெளிப்புறம் இறுகி உள்ளே கூடாக இருக்கும் மூங்கில் புல்லாகிவிடும். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. காற்றுக்கு மரம் முறிகிற இடத்தில் மூங்கில் வளைந்து நிமிர்வதற்கு அதன் அமைப்பு ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பழமொழியில் எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. பிரம்பு நாற்காலி செய்யும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முற்றிக் காய்ந்த பிரம்பை அப்படியே வளைத்தால் ஒடியும். அவர்கள் தீச்சுடரை ஓரிடத்தில் லேசாக ஓட்டிக் காட்டுகிறார்கள். பிரம்பு வியர்க்கிற மாதிரி ஆகும். பிறகு கையாலேயே அரை வட்டமாக வளைத்து, ஆறும் வரை பிடித்துக்கொள்கிறார்கள். மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் புது வடிவத்தில் இறுகிக்கொள்கிறது. ஆக ஐம்பதிலும் வளையும், சூடு காட்டத் தெரிந்த கையாக இருந்தால்.

யார் கை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. தமிழ் இலக்கணத்திலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது, நாம் கவனிக்காமலே தினமும் பயன்படுத்துகிறோம். இந்த இணைகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அடங்கு, அடக்கு. மடங்கு, மடக்கு. முடங்கு, முடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. இணங்கு, இணக்கு. திருந்து, திருத்து. பொருந்து, பொருத்து. முதலில் வருவது தன்வினை, தானாக நடப்பது. அடுத்தது பிறவினை, இன்னொருவர் செய்வது. தானாக நடக்கும் சொல்லில் மெல்லின ஒலி மூக்கு வழியாக மெதுவாக வருகிறது; செய்கிறவர் வந்ததும் அந்த இடத்தில் வல்லினம் இரட்டித்து உட்காருகிறது. ஙகரம் ககரமாகும்போது ஒரு ஆள் அறைக்குள் நுழைந்துவிட்டார். பழகு, பழக்கு, இளகு, இளக்கு என்பவற்றில் மெல்லினம் இல்லை, ஆனால் அங்கேயும் செய்கிறவர் வந்ததும் ஒலி தடிக்கிறது.

தமிழ் கற்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முப்பது சொல் கற்றுக்கொள்வார்கள். நமக்கு வேறு பயன். 'அவர் கட்சி வேலையிலிருந்து ஒதுங்கிவிட்டார்' என்ற செய்தியைப் படித்ததும், ஒதுங்கினாரா, ஒதுக்கினார்களா என்று கேட்கத் தோன்றும். 'ஊர் அடங்கியது' என்றால் இரவு பத்து மணி. 'ஊரை அடக்கினார்கள்' என்றால் போலீஸ் வண்டி. நடந்ததைச் சொல்பவர் எந்த வடிவத்தை எடுக்கிறார் என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மாட்டுக்கு இதற்கென்றே ஒரு தனிச் சொல் இருந்தது: வசக்குதல். இளங்காளைக்கு மூக்குக் குத்தி மூக்கணாங்கயிறு போட்டு, பழகிய மாட்டோடு நுகத்தில் சேர்த்துக் கட்டி, முதலில் சும்மா நடக்கவிட்டு, பிறகு ஒரு கட்டையை இழுக்கவைத்து, மெல்ல ஏருக்கும் வண்டிக்கும் கொண்டுவருவது. டிராக்டர் வந்த பிறகு வேலை போய், சொல்லும் பெரும்பாலும் போய்விட்டது. அந்த முறையில் எனக்குப் பிடித்தது அந்தப் பழைய மாடுதான். கன்றுக்குப் பாதிப் பாடத்தை மனிதன் அல்ல, பக்கத்தில் நடக்கும் மாடு சொல்லிக்கொடுக்கிறது. எவ்வளவு வசக்கியும் நுகத்தைக் கண்டதும் படுத்துக்கொள்கிற மாட்டைச் சண்டி மாடு என்றார்கள். சண்டி என்பது முட்டுவது அல்ல. எதிர்க்காமல், செய்யாமல் இருப்பது. கூட்டத்தில் தலையாட்டிவிட்டுக் கோப்பை மேசையிலேயே வைத்திருக்கும் அதிகாரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

யானையில் அளவு பெரிது. 2019இல் கோவைப் பக்கத்தில் சின்னத்தம்பி என்று மக்கள் பெயர் வைத்திருந்த காட்டு யானையைப் பிடித்து டாப்சிலிப் பகுதியில் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. நடந்தே இறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் கராலில் அடைத்தார்கள். கரால் என்பது தடித்த மரக்கட்டைகளால் கட்டிய கூண்டு. காட்டு யானைகளைப் பிடிக்க உதவும் பழக்கிய யானைக்குக் கும்கி என்று பெயர். உதவி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இங்கேயும் பக்கத்தில் நிற்கும் பழைய மாடுதான். கராலுக்குள் யானை அடங்கியதா, அடக்கினார்களா, பழகியதா? மூன்று சொல்லும் பொருந்தும், மூன்றும் மூன்று கதை.

ஆட்களுக்குச் சொல்லும் சொற்களில் இன்னும் ஒரு கூத்து இருக்கிறது. ஒரே குணத்துக்கு இரண்டு விலை. ஆறாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் ஒருவர் 'பிடிவாதம் அதிகம்' என்று எழுதி அனுப்பினார். அப்பா படித்துக் காட்டியபோது பாட்டி கேட்டாள்: "வைராக்கியம்னு எழுதத் தெரியாதா அவருக்கு?" பிள்ளை ஒன்றுதான். பிடிவாதம் என்றவர் என்னை வகுப்பில் உட்காரவைக்க வேண்டியவர், வைராக்கியம் என்றவள் எனக்குச் சோறு போட்டவள். அதே மாதிரி, நம் பக்கம் உள்ளவர் வளைந்து கொடுத்தால் 'பக்குவமானவர், நெளிவு சுளிவு தெரிந்தவர்'. எதிர்ப்பக்கத்தில் உள்ளவர் அதையே செய்தால் 'வழிக்கு வந்தார்'. அவர் வளையாவிட்டால் வணங்காமுடி. நாம் வளையாவிட்டால் கொள்கை. எந்தப் பக்கமும் வளைகிறவர் எடுப்பார் கைப்பிள்ளை. கேட்டதற்கெல்லாம் சரி என்பவர் தலையாட்டி பொம்மை. இந்தக் கடைசிச் சொல் தஞ்சாவூர்ப் பொம்மைக்கு நாம் செய்யும் அநியாயம் என்பேன். அடியில் கனம் வைத்த அந்த உருண்டைப் பொம்மையை எத்தனை தடவை தள்ளிச் சாய்த்தாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். அதைப் போய்ச் சொன்னதைக் கேட்பவருக்கு உவமையாக்கியிருக்கிறோம்.

சில சொற்கள் ஒரே பாலுக்கு மட்டும் ஓயாமல் போகின்றன. 'அடக்கமான பெண்' என்று வரன் பார்க்கும்போது சொல்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அதைச் சொன்னால் வீட்டில் சந்தேகப்படுவார்கள். 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்பது கிளம்புகிற பெண்ணிடம் காருக்குள் தலையை நீட்டிச் சொல்வது. அனுசரித்தல், இணங்குதல் இரண்டுமே இரண்டு பேர் செய்தால்தான் அழகு. ஒருவரே செய்தால் அதற்குப் பணிதல் என்று வேறு சொல் இருக்கிறது. இளகிய மனசுக்காரர்களுக்கு வேறு வகை ஆபத்து. இளக்கம் காட்டுகிற இடத்தில்தான் இளக்காரம் முளைக்கிறது. சொல்லிலேயே பக்கத்து வீடு.

படிதல் மட்டும் இவற்றில் நியாயமான சொல்லாக எனக்குப் படுகிறது. வண்டல் ஆற்றடியில் படிகிறது, எண்ணெய் வைத்துச் சீவினால் முடி படிகிறது, பேரம் படிகிறது. சந்தையில் மாட்டு விலை படிந்தது என்றால் விற்றவரும் வாங்கியவரும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். அதில் யாரும் யாரையும் அடக்கவில்லை. நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

பருப்புக்கு வருகிறேன். குற்றம் மளிகைக்கடைக்காரருடையது அல்ல. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை வேகும்போது கரைய வேண்டும். இந்த உப்புகள் அதைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன, அதனால் எத்தனை விசில் வந்தாலும் பருப்பு முழுசாக நிற்கும். புளியை முன்னாலேயே ஊற்றினாலும் புளிப்பு அதே வேலையைச் செய்யும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் மசிந்துவிடும், ருசி கொஞ்சம் போகும். நல்ல தண்ணீரில் அதே பருப்பு மூன்று விசிலில் வெண்ணெய் மாதிரி ஆனது. அம்மாவுக்கு அந்தக் கடைக்காரரைத் திட்டியது உறுத்தியிருக்க வேண்டும்; அடுத்த வாரம் அவரிடமே அரைக் கிலோ கூடுதலாக வாங்கினாள்.

அத்தை மறுபடி வந்தாள், மறுபடி அதே புலம்பல். மசிய மாட்டேங்கிறான், மசிய மாட்டேங்கிறான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, பருப்பை மாத்தாதீங்க. தண்ணியை மாத்திப் பாருங்க." அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். போகும் வழியில் தெருமுனைக் கடையில் இரண்டு கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.